சொல்லை மாற்றினால் போதுமா? மேற்கோள், சான்று பற்றிய கேள்வி பதில்

ஆய்வேடுகளின் வரைவைப் படித்துத் திருத்திக் கொடுப்பது பல வருடங்களாக என் வேலை. பிறர் கருத்தைச் சொந்த நடையில் எழுதுவது, சான்று காட்டுவது, இந்த இரண்டைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

கேள்வி (முதுகலை மாணவி): மேடம், ஒரு பத்தியைச் சொல் மாற்றித்தான் எழுதினேன். நெறியாளர் "இது அப்படியே இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னும் எத்தனை சொல்லை மாற்ற வேண்டும்?

பதில்: சொல்லை எண்ணத் தொடங்கியதில்தான் சிக்கலே. ஓர் உதாரணம் பார்ப்போம். மூல நூலில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"செயற்கை ஒளி மிகுந்த இடங்களில் பூச்சிகள் விளக்கைச் சுற்றியே களைத்துப்போவதால், இரவில் மலரும் செடிகளின் மகரந்தச் சேர்க்கை குறைகிறது."

பெரும்பாலான வரைவுகளில் இது இப்படி மாறி வரும்: "மின்விளக்குகள் அதிகமுள்ள பகுதிகளில் பூச்சிகள் விளக்கைச் சுற்றிச் சோர்வடைவதால், இரவில் பூக்கும் தாவரங்களின் மகரந்தச் சேர்க்கை குன்றுகிறது."

'களைத்து' சோர்வானது, 'செடி' தாவரமானது, 'குறைகிறது' குன்றியது. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. பழைய சட்டைக்குப் பொத்தான் மட்டும் மாற்றிய மாதிரி. ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற பேராசிரியர் இதற்கு 'பேட்ச்ரைட்டிங்' என்று பெயர் வைத்தார், ஒட்டுப்போட்டு எழுதுவது. படித்தது முழுதாகப் பிடிபடாத மாணவர் எழுதிப் பழகும்போது இப்படித்தான் எழுதுவார், அதை உடனே திருட்டு என்று பார்க்கக் கூடாது என்பது அவர் வாதம். எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனாலும் இறுதிப் படியில் இது இருக்கவே கூடாது.

இப்போது புத்தகத்தை மூடுங்கள். தோழி ஒருத்தி "என்ன சொல்கிறார்?" என்று கேட்டால் என்ன சொல்வீர்களோ, அதை எழுதுங்கள்:

"இரவில் மலரும் செடிகளில் மகரந்தச் சேர்க்கை குறைவதற்கு ஆசிரியர் விளக்கொளியைக் காரணம் காட்டுகிறார். பூவைத் தேடிப் போகவேண்டிய பூச்சி விளக்கடியிலேயே ஓய்ந்துவிடுகிறது என்பது அவர் விளக்கம் (ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம்)."

விளைவு முதலில் வந்துவிட்டது. யார் சொன்னது என்பது தெரிகிறது. 'மகரந்தச் சேர்க்கை' அப்படியே இருக்கிறது. அது துறைச்சொல், அதை மாற்றக் கூடாது. எழுதி முடித்தபின் புத்தகத்தைத் திறந்து, அவர் சொல்லாத எதையாவது அவர் வாயில் போட்டுவிட்டோமா என்று ஒருமுறை சரிபாருங்கள். சொந்த நடையில் எழுதினாலும் சான்று கட்டாயம் வேண்டும். சொல் உங்களுடையது, கருத்து அவருடையது.

கேள்வி: ஆய்வேடு மற்ற ஆவணங்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் தரும் ஒப்புமை அறிக்கையில் எத்தனை சதவீதம் வரை இருக்கலாம்?

பதில்: வரம்பு உங்கள் நிறுவனத்தின் விதியில் இருக்கும், அதைப் பாருங்கள். அந்த எண் எதைச் சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மென்பொருள் தொடர்ந்து வரும் சொற்களை மற்ற ஆவணங்களோடு பொருத்திப் பார்க்கிறது, அவ்வளவுதான். மென்பொருளின் அமைப்பை (செட்டிங்ஸ்) மாற்றாமல் விட்டால் துணைநூற்பட்டியலையும் எண்ணும், மேற்கோள் குறிக்குள் இருப்பதையும் எண்ணும். முறையாக மேற்கோள் காட்டிய ஓர் ஆய்வேடு 25 சதவீதம் காட்டலாம், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. இன்னொன்று 4 சதவீதம்தான் காட்டும், ஆனால் அந்த நாலும் பெயர் சொல்லாமல் எடுத்த ஒரே பத்தியாக இருக்கும். எண்ணை விட்டுவிட்டு, வண்ணமிட்ட வரிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

கேள்வி: நீண்ட மேற்கோளை எப்போது தனிப் பத்தியாக உள்தள்ளிக் கொடுப்பது?

பதில்: ஏபிஏ, சிகாகோ, எம்எல்ஏ என்று சான்று காட்டும் முறைகள் பல உண்டு. ஏபிஏ முறையில் 40 சொல் அல்லது அதற்கு மேல். சிகாகோவில் 100 சொல் அளவில். எம்எல்ஏவில் உரைநடை நாலு வரியைத் தாண்டினால். இவை ஆங்கிலத்தை மனதில் வைத்துப் போட்ட கணக்குகள். தமிழில் வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், நம் 40 சொல் பார்வைக்கு நீளமாகத் தெரியும். நெறியாளரிடம் பேசி ஓர் அளவை முடிவுசெய்து, கடைசிவரை அதையே பின்பற்றுங்கள்.

கேள்வி (முனைவர் பட்ட ஆய்வாளர்): ஒரு கட்டுரையில் இன்னொரு பழைய கட்டுரையின் கருத்து இருக்கிறது. பழையது கிடைக்கவில்லை. நேரடியாகப் பழையதையே சான்றாகப் போட்டுவிடலாமா?

பதில்: கூடாது. படிக்காததைப் படித்ததாகக் காட்டக் கூடாது. இதை இன்று எத்தனை முறை சொல்ல நேர்ந்தாலும் சொல்வேன்.

பசலைக்கீரைக் கதையைக் கேளுங்கள். கீரையில் இரும்புச்சத்து மிக அதிகம் என்ற நம்பிக்கைக்குக் காரணம், யாரோ தசமப் புள்ளியைத் தவறாக வைத்து அளவைப் பத்து மடங்காக்கியதுதான் என்று ஒரு பேச்சு உண்டு. 1981-இல் டி. ஜே. ஹாம்ப்ளின் என்ற மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை எழுதினார், ஆனால் சான்று கொடுக்கவில்லை. அவரைப் பார்த்துப் பலர் எழுதினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் பலர். 2010-இல் மைக் சட்டன் என்ற ஆய்வாளர் மூலத்தைத் தேடிப் போனார். அந்தப் புள்ளிப் பிழைக்கு ஆதாரம் எதுவும் அகப்படவில்லை. கவனமில்லாமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமாகச் சொல்லப்பட்ட கதையே கவனமில்லாமல் பரவியிருக்கிறது! 2014-இல் ஓலே பியோர்ன் ரெக்டால் என்ற ஆய்வாளர் இதை வைத்து, கல்வி உலகின் வதந்திகள் எப்படி வளர்கின்றன என்று ஒரு கட்டுரையே எழுதினார்.

மூலம் நிஜமாகவே கிடைக்காவிட்டால், பழைய ஆசிரியரின் பெயரைச் சொல்லி, "இன்னார் எடுத்துக்காட்டியபடி" என்று நீங்கள் படித்த நூலைக் குறிப்பிடுங்கள். பட்டியலில் நீங்கள் படித்ததுதான் வரவேண்டும்.

கேள்வி: 15 சதவீதம் இருந்தால் பரவாயில்லையா?

பதில்: மேலே இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி (மொழிபெயர்ப்பாளர்): நான் ஆங்கில நூல்களைப் படித்துத் தமிழில் எழுதுகிறேன். ஒவ்வொரு சொல்லும் நானே தேடிப் பிடித்தது. மொழியே வேறு. இதற்கும் சான்று வேண்டுமா?

பதில்: வேண்டும். வரிக்கு வரி தமிழாக்கினால் அது மேற்கோள். மேற்கோள் குறிக்குள் போட்டு, சான்று கொடுத்து, 'தமிழாக்கம் என்னுடையது' என்று குறிப்பிடுங்கள். சாரத்தை மட்டும் எழுதினால் சான்று போதும்.

அவரே மீண்டும்: என் உழைப்புக்கு மதிப்பே இல்லையா? நல்ல கலைச்சொல் ஒன்றை உருவாக்க இரண்டு நாள் ஆகிறது.

பதில்: உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. நல்ல தமிழாக்கம் பெரிய வேலை, 'தமிழாக்கம் என்னுடையது' என்ற குறிப்பு அதற்கான உரிமையைத்தான் தருகிறது. ஆனால் வாதத்தைக் கட்டியவர் வேறொருவர். ஹங்கேரியின் குடியரசுத் தலைவராக இருந்த பால் ஷ்மிட்டுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். 1992-இல் அவர் கொடுத்த முனைவர் ஆய்வேட்டின் பெரும்பகுதி, பல்கேரிய ஆய்வாளர் ஒருவர் பிரெஞ்சில் எழுதியதன் மொழிபெயர்ப்பு என்று பின்னர் தெரியவந்தது. 2012-இல் பல்கலைக்கழகம் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. சில நாட்களில் அவர் பதவி விலகினார். அங்கேயும் மொழி வேறுதான்.

இன்னொருவர் குறுக்கிட்டு: நம் மரபில் யார் சான்று கொடுத்தார்கள்? 'என்ப', அதாவது 'என்று சொல்வார்கள்', என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்களே!

பதில்: இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவிலேயே 'என்ப' வருகிறது. 'என்மனார் புலவர்' என்பதும் அடிக்கடி வரும். அந்தச் சொல் என்ன செய்கிறது? "இதை நான் புதிதாகச் சொல்லவில்லை, முன்னோர் சொன்னது" என்று படிப்பவருக்கு அறிவிக்கிறது. உரைகளில் வரும் 'என்பாரும் உளர்' என்பதும் அப்படித்தான், பிறர் கருத்தைப் பிரித்துக் காட்டுகிறது. பெயரும் பக்கமும் இல்லை என்பது உண்மை. ஆனால் தன் குரல் எது, பிறர் குரல் எது என்ற கோட்டை அவர்கள் அழிக்கவில்லை. நீங்கள் அந்த 'என்ப'வைக்கூட விட்டுவிடலாம் என்கிறீர்கள்.

தமிழில் எழுதும்போது வரும் ஒரு சிக்கலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் வாக்கியத்தில் 'என்கிறார்' கடைசியில்தான் வரும். எட்டு வாக்கியம் எழுதி, எட்டாவதில் 'என்கிறார்' என்று முடித்து அடைப்புக்குறி போட்டால், முதல் ஏழும் யாருடையவை? படிப்பவருக்குத் தெரியாது. அதனால் ஆசிரியர் பெயரைப் பத்தியின் தொடக்கத்திலேயே கொண்டுவாருங்கள். நடுவில் 'அவர் கணக்குப்படி', 'அவர் பார்வையில்' என்று நினைவூட்டுங்கள். உங்கள் கருத்து தொடங்கும் இடத்தில் 'என் வாசிப்பில்' என்று திரும்புங்கள். 'நிறுவுகிறார்', 'கருதுகிறார்', 'ஐயுறுகிறார்' மூன்றும் ஒன்றல்ல. அவர் ஊகித்ததை, அவர் நிறுவியதாக நீங்கள் எழுதிவிடக் கூடாது.

மொழிபெயர்ப்பாளர்: அப்படியானால் ஒரு நூலின் முழு வாதத்தையும் இரண்டு பக்கத்தில் சுருக்கினால், வாக்கியத்துக்கு வாக்கியம் அடைப்புக்குறியா? படிக்கவே முடியாதே.

பதில்: நியாயமான கேள்வி. வேண்டாம். "இந்தப் பகுதி முழுவதும் இன்னாரின் வாதத்தைச் சுருக்கித் தருகிறது" என்று தொடக்கத்தில் சொல்லிவிடுங்கள். பத்திக்கு ஒருமுறை பக்க எண்ணோடு சான்று வரட்டும். உங்கள் இரண்டு பக்கத்தில் ஒரு பத்தியை மாற்றி எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.

கேள்வி: வாக்கியத்தைத் தானாக மாற்றி எழுதித் தரும் கருவியைப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். 2021-இல் கபனாக், லாபே, மகாசினோவ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஆய்விதழ்களில் விநோதமான சொற்றொடர்களைக் கண்டுபிடித்தார்கள். 'ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்று வரவேண்டிய இடத்தில் 'கவுண்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்', அதாவது போலி உணர்வு. 'ப்ரெஸ்ட் கேன்சர்' என்ற இடத்தில் 'பூசம் பெரில்', மார்பின் அபாயம்! ஒப்புமை பார்க்கும் மென்பொருள் கண்டுபிடிக்காமல் இருக்க, மாற்றி எழுதும் கருவி துறைச்சொல்லையும் மாற்றிவிட்டது. ஒரு நோயின் பெயரே தொலைந்துபோன கட்டுரையை நம்பி யாராவது சிகிச்சையைப் பற்றி யோசித்தால்? எனக்கு இதில் கோபமே வருகிறது. உரையாடும் செயலி தரும் நூற்பட்டியலும் அப்படித்தான். இல்லாத கட்டுரைக்கு ஆண்டும் பக்கமும் போட்டுத் தந்துவிடும். மறுபடியும் சொல்கிறேன், படிக்காததைச் சான்று காட்டாதீர்கள்.

கேள்வி: பொது அறிவுக்குச் சான்று வேண்டுமா?

பதில்: பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கு வேண்டாம். உங்கள் துறையில் யாரும் "எங்கே இருக்கிறது?" என்று கேட்கமாட்டார்கள் என்றால் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: முன்னெழுத்து உள்ள தமிழ்ப் பெயரைப் பட்டியலில் எப்படி எழுதுவது?

பதில்: இயற்பெயர் முதலில், காற்புள்ளி, பிறகு முன்னெழுத்து. அகர வரிசை இயற்பெயருக்குத்தான்.

கேள்வி: சங்கப் பாடலுக்குப் பக்க எண்ணா, பாடல் எண்ணா?

பதில்: பாடல் எண்ணும் அடி எண்ணும். பக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். உரையாசிரியரின் கருத்தை எடுத்தால் மட்டும் பதிப்பும் பக்கமும் வேண்டும்.

கேள்வி: இணையத்தில் கிடைத்த படத்தை ஆய்வேட்டில் போடலாமா?

பதில்: அது பதிப்புரிமை சார்ந்தது, என் துறை இல்லை. உங்கள் நூலகரைக் கேளுங்கள்.

கேள்வி: மேடம், 20 சதவீதம்...

பதில்: இரண்டாவது பதில். சதவீதக் கேள்விக்கு இனி நான் பதில் சொல்லப்போவதில்லை.

கேள்வி: குறிப்பு எடுக்கும்போதே தவறு வராமல் இருக்க வழி உண்டா?

பதில்: உண்டு. அப்படியே எடுத்த வரியை, குறிப்பேட்டிலேயே மேற்கோள் குறிக்குள் போடுங்கள். உங்கள் நடையில் எழுதியதை வேறு நிறத்தில் எழுதுங்கள். இரண்டுக்கும் பக்கத்தில் அந்த நொடியே பக்க எண். மாணவியாக இருந்தபோது ஒரே ஒரு வரிக்குப் பக்க எண் குறிக்காமல் விட்டேன். அது ஆசிரியர் எழுதியதா நான் எழுதியதா என்றே ஆறு மாதம் கழித்துத் தெரியவில்லை. தடிமனான நூலை முதலிலிருந்து மறுபடி படித்தேன். மூன்று நாள் போனது. அந்த வரி அவருடையதுதான்.

மொழிபெயர்ப்பாளர்: பத்தியை மாற்றி எழுதிவிட்டேன் மேடம். ஆசிரியர் பெயர் முதல் வரியில் இருக்கிறது. நடுவில் ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டு, 'தமிழாக்கம் என்னுடையது' என்று சேர்த்திருக்கிறேன். கடைசி இரண்டு வரி என் மறுப்பு, 'என் வாசிப்பில்' என்று தொடங்குகிறது. அடைப்புக்குறிக்குள் பெயரும் ஆண்டும் கொடுத்திருக்கிறேன்.

பதில்: படித்தேன். அவர் எங்கே முடிகிறார், நீங்கள் எங்கே தொடங்குகிறீர்கள் என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. உங்கள் மறுப்பும் முன்பைவிட எடுப்பாக நிற்கிறது. அந்த மேற்கோளுக்கு மட்டும் பக்க எண் விட்டுப்போயிருக்கிறது. புத்தகம் பக்கத்தில் இருக்கும்போதே பார்த்துச் சேர்த்துவிடுங்கள்.