பி.எஸ்.ஏ. 6.2: தங்க நானோ சிப் வாங்கி வீட்டிலேயே பார்க்கலாமா?

கேள்வி: காசிமேட்டில் மீன்பாடி வண்டி ஓட்டும் என் அப்பாவுக்கு வயது 63. முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பி.எஸ்.ஏ. (ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் உருவாகும் ஒரு புரதம்) 6.2 என்று வந்தது. மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் வருமானம் போய்விடும். தங்க நானோ சிப்பில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால் குறைந்த செலவில் புற்றுநோய் தெரிந்துவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தத் தொழில்நுட்பம் நிஜம்தான், ஆனால் அப்பாவுக்கு இப்போது அது உதவாது.

தங்கத்தை 20 நானோமீட்டர் அளவுக்குப் பொடியாக்கினால் அது சிவப்பாகத் தெரியும். 520 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சை ஒளியை அது விழுங்கிக்கொள்வதே காரணம். அதன்மேல் பி.எஸ்.ஏ.வைப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் பூசிவைப்பார்கள். பி.எஸ்.ஏ. வந்து ஒட்டியதும் அந்த அலைநீளம் கொஞ்சம் நகரும். அந்த நகர்வை அளப்பதுதான் பிளாஸ்மானிக் சென்சார். கர்ப்பம் பார்க்கும் பட்டையில் விழும் சிவப்புக் கோடும் பெரும்பாலும் இதே தங்கத் துகள்தான்.

சிக்கல் ரத்தத்தில் இருக்கிறது. ஒரு மில்லிலிட்டரில் பி.எஸ்.ஏ. 4 நானோகிராம் என்றால், ரத்தத்தில் உள்ள இன்னொரு புரதமான அல்புமின் மட்டும் சுமார் 40 மில்லிகிராம், அதாவது 1 கோடி மடங்கு. இந்தக் கூட்டத்தில் கொஞ்சம் தவறிப்போய்த் துகள்மேல் ஒட்டினாலும் அளவு பொய்யாகும். போதாக்குறைக்கு, ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபின் 540, 577 நானோமீட்டர்களில் ஒளியை விழுங்குகிறது. தங்கத் துகள் விழுங்கும் ஒளிக்குப் பக்கத்திலேயே! அதனால்தான் முழு ரத்தத்தை அப்படியே விடாமல் செல்களை வடிகட்டுகிறார்கள், இல்லையென்றால் அகச்சிவப்புப் பக்கம் உள்ள ஒளியை விழுங்கும் குச்சி வடிவத் தங்கத் துகள்களைப் பயன்படுத்துகிறார்கள். ஆன்டிபாடி சென்னை வெயிலில் கெடாமல் இருக்க வேண்டியது வேறு. துகளுக்கு ஆகும் தங்கம் மிகக் குறைவு, செலவெல்லாம் இவற்றில்தான். இது வந்து சேர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன், வடசென்னைக்குத்தான் அது அதிகம் தேவை.

பி.எஸ்.ஏ. பார்க்கும் பட்டைகள் விற்பனைக்கு வருகின்றன. ஆனால் பொதுவாக அவை 4 என்ற எல்லைக்கு மேலா கீழா என்று மட்டும்தான் சொல்லும். அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அப்பாவுக்குத் தேவை எண், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது.

6.2 என்றாலே புற்றுநோய் என்று பயப்படாதீர்கள். வயதானால் வரும் புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்த் தொற்று, எல்லாமே பி.எஸ்.ஏ.வை ஏற்றும். சைக்கிள் மிதிப்பதும் கொஞ்சம் ஏற்றலாம். அப்பாவின் வண்டி மிதிவண்டியா, மோட்டார் வைத்ததா? மிதிப்பதாக இருந்தால் பரிசோதனைக்கு முன் 2 நாள் ஓய்வு கொடுங்கள், அந்த 2 நாள் தாம்பத்தியமும் வேண்டாம். சிறுநீர்த் தொற்று இருந்தால் குணமாகி 6 வாரம் கழித்துப் பாருங்கள். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டரைடு, டுடாஸ்டரைடு மாத்திரை எடுத்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அவை எண்ணைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

அப்புறம், இனிமேல் பார்ப்பதையெல்லாம் ஒரே லேபில் பாருங்கள், பரிசோதனை கிட் மாறினால் எண்ணும் மாறும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் சிறுநீரியல் (யூராலஜி) புறநோயாளிப் பிரிவுக்கு முகாம் சீட்டையும் எடுத்துப் போங்கள். சிறுநீரில் ரத்தம், விடாத முதுகு வலி, சிறுநீர் அடைப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் மறுபரிசோதனைக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள்.