இரண்டு லென்ஸுக்கு ஒரு தோள்பை

கேள்வி: என்னிடம் கேனான் 1500டி கேமராவும், அதனுடன் சேர்ந்து வந்த 18-55, 55-250 ஆகிய இரண்டு லென்ஸ்களும் உள்ளன. டிசம்பர் கடைசி வாரத்தில் குடும்பத்துடன் தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் கோயில்களையும், அங்கிருந்து கோடிக்கரைப் பறவைகளையும் பார்க்கப் போகிறோம். முழுக்க முழுக்க ரயில், பேருந்துப் பயணம். கேமரா வாங்கியபோது கடையில் இலவசமாகத் தந்த பையின் வார் மிகவும் மெல்லியது. அரை நாள் மாட்டியிருந்தாலே தோள் கன்றிப்போகிறது. ஜிப்பும் பழுதாகிவிட்டது. முதுகுப்பைதான் நல்லது என்கிறார் என் கணவர். எனக்குத் தோள்பைதான் கைக்கு வசதியாக இருக்கிறது. 2,500 ரூபாய்க்குள் நல்ல தோள்பை கிடைக்குமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: கிடைக்கும். நீங்கள் சுமக்கப்போகும் எடை குறைவானது என்பதால், இந்தத் தொகையே உங்களுக்குப் போதும். உங்கள் கேமரா, பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்து ஏறக்குறைய 475 கிராம். 18-55 லென்ஸ் சுமார் 200 கிராம், 55-250 லென்ஸ் சுமார் 390 கிராம். மாற்று பேட்டரி, துடைக்கும் துணி, மூடிகள் எல்லாம் சேர்ந்தாலும் ஒன்றேகால் கிலோவைத் தாண்டாது. பையின் சொந்த எடை 600 அல்லது 700 கிராம், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று என்று கூட்டிப் பார்த்தால் மொத்தம் இரண்டரை கிலோவுக்குள் அடங்கிவிடும். இந்த எடைக்குத் தோள்பை முற்றிலும் பொருத்தமானது.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. முதுகுப்பை எடையை இரண்டு தோள்களுக்கும் பகிர்ந்து கொடுக்கும். மூன்று கிலோவுக்கு மேல் சுமப்பவருக்கோ, ஏற்கெனவே கழுத்துவலி உள்ளவருக்கோ நானும் அதையே சொல்வேன். ஆனால் தாராசுரத்தின் தூண்களில் உள்ளங்கை அளவுச் சிற்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நகரும்போது, பத்தடிக்கு ஒருமுறை கேமராவை வெளியே எடுப்பீர்கள். முதுகுப்பை என்றால் ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றித் தரையில் வைத்துத் திறக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அலுப்புத் தட்டி, கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே நடக்கத் தொடங்கிவிடுவீர்கள். அப்போது அது தூணிலும் படிக்கட்டிலும் இடிபடும். கை நீட்டினால் கேமரா வரவேண்டும், வேலை முடிந்ததும் அதே கையால் உள்ளே போகவேண்டும். பயணத்துக்கான கேமரா பையை இந்த ஒரு காரியத்தை அது எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பதைக் கொண்டே மதிப்பிடுகிறேன். மற்ற எல்லா அம்சங்களும் இதற்குப் பிறகுதான்.

கடைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு ஸ்கேலை எடுத்து அளந்துவிடுங்கள். கேமராவின் அகலம் ஏறக்குறைய 13 செ.மீ., உயரம் 10 செ.மீ. சிறிய லென்ஸ் மாட்டிய நிலையில் கேமராவின் பின்புறத்திலிருந்து லென்ஸ் முனை வரை 14 செ.மீ. அளவுக்கு வரும், பெரிய லென்ஸை மாட்டினால் அது 17, 18 செ.மீ. ஆகிவிடும். கோடிக்கரையில் பூநாரைகள் தொலைவில்தான் நிற்கும் என்பதால், அங்கே நாள் முழுவதும் பெரிய லென்ஸ் கேமராவிலேயே இருக்கும். ஆகவே பெரிய லென்ஸைக் கழற்றாமல் கேமராவை உள்ளே வைக்க முடிகிற பையாகப் பாருங்கள். உட்புற நீளம் 27 அல்லது 28, அகலம் 12 அல்லது 13, உயரம் 19 செ.மீ. இருந்தால் உங்களுக்குச் சரியாக இருக்கும். இணையக் கடைகளில் பெரும்பாலும் வெளிப்புற அளவைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். இருபுறமும் உள்ள பஞ்சின் கனம் இரண்டு, மூன்று செ.மீ. வரை தின்றுவிடும் என்பதால், உட்புற அளவு தனியாகத் தரப்படாத பையை நம்பி வாங்க வேண்டாம்.

இதைவிடப் பெரிதாகவும் வாங்க வேண்டாம். பிற்பாடு இன்னொரு லென்ஸ் வாங்கினால் உதவுமே என்று தோன்றும். ஆனால் பையில் காலியாக இருக்கும் இடம் ஒரு வாரத்துக்குள் துண்டு, பிஸ்கெட், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று நிரம்பிவிடும். அந்த எடை முழுவதும் உங்கள் ஒரு தோளில்தான் இறங்கும்.

உள்ளே உள்ள தடுப்புகளைக் கவனமாகப் பார்க்கச் சொல்வேன். மலிவான பைக்கும் நல்ல பைக்கும் உள்ள வேறுபாடு முதலில் தெரிவது இங்கேதான். வெல்க்ரோவால் ஒட்டி, வேண்டிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய கெட்டியான தடுப்புகள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். நடுவில் ஒட்டிய தடுப்பைக் கையால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். உடனே பிய்த்துக்கொண்டு வந்தால், பேருந்துக் குலுக்கலில் லென்ஸோடு லென்ஸ் மோதும். கேமராவை லென்ஸ் கீழ்நோக்கியபடி செங்குத்தாக இறக்கி வைக்க வேண்டும். அப்போது கேமராவின் உடல் இருபக்கத் தடுப்புகளின் மேல் விளிம்பில் அமர்ந்து, லென்ஸின் முனை பையின் அடித்தளத்தில் ஊன்றாமல் விரலளவு மேலே நிற்க வேண்டும். எடை முழுவதும் லென்ஸின் முனையில் விழுந்தால், பையைத் தரையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சி லென்ஸ் இணையும் வளையத்துக்குப் போகும். கேமராவுக்கு 13 செ.மீ. போக, மீதமுள்ள நீளத்தை இரண்டு அறைகளாகப் பிரித்து, ஒன்றில் மாற்று லென்ஸை வையுங்கள். மற்றொன்றை வேண்டுமென்றே காலியாக விடுங்கள். லென்ஸ் மாற்றும்போது, கழற்றியதை வைக்க அந்தக் காலி அறை கைகொடுக்கும். அது இல்லாமல் ஒரு கையில் கேமராவும் மறு கையில் இரண்டு லென்ஸ்களுமாகக் கடற்காற்றில் நிற்பது ஆபத்து. சார்ஜரை விடுதியிலேயே விட்டுவிடலாம். பையில் அதற்கு இடம் தேட வேண்டியதில்லை.

உங்கள் தோள் கன்றியதற்கு எடை காரணமன்று; வாரின் அகலம்தான் காரணம். ஒரே எடை, குறுகிய வாரில் இறங்கும்போது தோளில் சிறிய இடத்தையே அழுத்துகிறது. வார் நான்கிலிருந்து ஐந்து செ.மீ. அகலம் இருக்கட்டும், தோளில் படும் இடத்தில் வழுக்காத அடிப்பாகம் கொண்ட மெத்தை இருக்கட்டும். புடவையிலோ துப்பட்டாவிலோ வழுவழுப்பான நைலான் வார் நிமிடத்துக்கு ஒருமுறை நழுவும். அதைத் தூக்கிப் பிடிக்கவே தோளை உயர்த்தி நடப்போம், மாலையில் கழுத்து வலிக்கும். கோயில் பிரகாரத்தில் நடக்கும்போது பையை ஒற்றைத் தோளில் மாட்டாமல், தலைவழியாக மார்புக்குக் குறுக்கே மாட்டிக்கொள்ளுங்கள். பை இடுப்பெலும்பை ஒட்டி நிற்க வேண்டும். தொடையில் வந்து தட்டினால் வார் நீளமாகிவிட்டது என்று பொருள். மணிக்கொரு முறை பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். கடையில் இதைச் சோதிக்காமல் வரக் கூடாது: குறுக்காக மாட்டும் அளவுக்கு வார் நீள்கிறதா என்று உங்கள் உடம்பிலேயே மாட்டிப் பாருங்கள்.

வார் பையோடு சேரும் இடத்தையும் திருப்பிப் பாருங்கள். சதுரம் போட்டு நடுவில் பெருக்கல் குறி இட்ட தையல் இருந்தால் நல்லது. ஒற்றைக் கோடாக இரண்டு தையல் மட்டும் ஓடியிருந்தால் அந்தப் பையை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். வார் கொக்கியில் தொங்குகிறது என்றால் கொக்கி சுழலும் குமிழைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். விலை குறைந்த பைகளில் எடை தாங்காமல் விட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் குமிழ்தான். கொக்கியே இல்லாமல் வார் நேரடியாகப் பையில் தைக்கப்பட்டிருப்பதையே நான் விரும்புவேன்.

அடுத்து மூடி. அது உங்கள் உடம்பை விட்டு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உடம்பை நோக்கித் திறக்கும் மூடி கைக்கும் கேமராவுக்கும் நடுவே சுவராக நிற்கும். பையைத் தோளில் மாட்டியபடியே ஒரு கையால் ஜிப்பை முழுவதும் திறந்து மூடுங்கள். மூலைகளில் திரும்பும்போது சிக்கினால், புதிதாக இருக்கும்போதே சிக்குவது பிறகு சரியாகப் போவதில்லை. ஜிப்பின் பிடியில் ஒய்கேகே (YKK) என்ற ஜிப் நிறுவனத்தின் பெயர் பொறித்திருந்தால் அது நல்ல அடையாளம். வெல்க்ரோவால் மட்டும் மூடும் பை உங்கள் பயணத்துக்கு ஒத்துவராது. பூசை நேரத்தில் கோயிலுக்குள் அது கிழிபடும் சத்தம் பக்கத்தில் நிற்பவரைச் சங்கடப்படுத்தும். கோடிக்கரையில் ஒரு வெளிமானை நெருங்கியிருந்தால், அந்த ஒலி ஒன்றே அதை ஓடச் செய்துவிடும்.

பஞ்சு எவ்வளவு கனமோ அவ்வளவு பாதுகாப்பு என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். ஆனால் 1970களின் நடுவில் பிலடெல்பியா இன்குவயரர் நாளிதழின் புகைப்படக்காரர் ஜிம் டோம்கி, கித்தான் துணியில் பெரிதாக மெத்தை எதுவும் இல்லாத ஒரு தோள்பையைத் தன் வேலைக்காக வடிவமைத்தார். கை உள்ளே தடையின்றிப் போய்வர வேண்டும், பை உடம்போடு ஒட்டிக் கிடக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பல ஆண்டுகள் அதைச் சுமந்தார்கள். நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. பக்கங்களில் ஒரு செ.மீ. கனமே போதும், ஆனால் அடித்தளத்தில் அதைவிடக் கூடுதலாகவும், விரல்களுக்கிடையே அழுத்தினால் உடனே பழையபடி எழும்பி வருகிற கெட்டியான ஃபோமாகவும் இருக்க வேண்டும். பை கருங்கல் தரையைத் தொடும் இடம் அதுதான்.

டிசம்பரில் காவிரிப் படுகைக்கு வடகிழக்குப் பருவமழை இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பையின் துணியில் உட்புறப் பூச்சு இருக்கிறதா என்று அறிய, துணியில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். காற்று மறுபக்கம் வந்தால் பூச்சு இல்லை. பூச்சு இருந்தாலும் தையல் துளைகள் வழியாகவும் ஜிப் வழியாகவும் தண்ணீர் இறங்கும். ஆகவே, அடியில் ஓர் அறையில் மடித்து வைத்த மழை உறை உள்ள பையே நல்லது. இல்லையென்றால் ஒரு பெரிய, கெட்டியான பாலித்தீன் பையை எப்போதும் முன்னறையில் வைத்திருங்கள். அதுவும் அதே வேலையைச் செய்யும்.

கோடிக்கரை வேதாரண்யம் உப்பளங்களை ஒட்டிய இடம். காற்றிலேயே உப்பும் மணலும் இருக்கும். அங்கிருந்து திரும்பிய அன்று மாலையே கேமராவை வெளியே எடுத்துவிட்டு, தடுப்புகளை எல்லாம் பிரித்து, பையைக் கவிழ்த்துத் தட்டுங்கள். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஜிப்பின் பற்களையும் கொக்கிகளையும் துடைத்து நிழலில் காய வையுங்கள்.

முக்காலி கட்டும் பட்டைகள், மடிக்கணினி அறை, எட்டுப் பத்துச் சிறு பைகள் ஆகியவற்றுக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம். நீங்கள் போகும் மூன்று கோயில்களும் இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளவை. அங்கே முன் அனுமதியின்றி முக்காலி பயன்படுத்த முடியாது.

இன்னும் குறைந்த செலவில் முடிக்க ஒரு வழி இருக்கிறது. கேமராவுக்கான உள்பெட்டி என்று, தடுப்புகளுடன் கூடிய மெத்தைப் பை மட்டும் தனியாக விற்கிறார்கள். வீட்டில் உறுதியான கித்தான் பையோ, அகல வார் கொண்ட அலுவலகப் பையோ இருந்தால், அதற்குள் இதை இறக்கிவிடலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கேமரா இருப்பதே தெரியாது. கூட்டமான பேருந்திலும் இரவு ரயிலிலும் இது பெரிய ஆறுதல். பருத்தி ஜோல்னா பையாக இருந்தால் மழையில் நனையும், வாரும் தோளில் சுருண்டுகொள்ளும் என்பதால் அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எந்தப் பையானாலும், ரயிலில் தூங்கும்போது இருக்கைக்கு அடியில் வைக்காமல் தலைமாட்டில் வைத்து, வாரைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள்.

லோப்ரோ, வேன்கார்டு, கேஸ் லாஜிக் போன்ற நிறுவனங்களின் சிறிய தோள்பைகளை முதலில் பாருங்கள். பெயர் தெரியாத பையானாலும் மேலே சொன்ன வாரும் ஜிப்பும் தடுப்பும் சரியாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். பழைய பை மலிவாகக் கிடைத்தால் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பழைய பூச்சு பிசுபிசுத்து உரியத் தொடங்கியிருந்தால் அது வேண்டாம். அந்தத் துகள் லென்ஸில் ஒட்டினால் எடுப்பது கடினம்.

பைக்கு 2,000 ரூபாய்க்குள் செலவிட்டு, மீதியில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் வாங்கச் சொல்வேன். பயணம் முடிந்த பிறகு கேமராவைப் பையிலேயே மாதக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. பஞ்சும் துணியும் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், லென்ஸுக்குள் பூஞ்சை படரும். பூஞ்சையை நீக்கும் செலவு பையின் விலையைத் தாண்டிவிடலாம்.

முடிந்தால் கேமராவையும் இரண்டு லென்ஸ்களையும் எடுத்துக்கொண்டு கடைக்கே போங்கள். வைத்துப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம். இணையத்தில் வாங்குவதானால் டிசம்பர் முதல் வாரத்திலேயே வரவழைத்து, எல்லாவற்றையும் உள்ளே வைத்து, ஒரு நாள் சந்தைக்கும் கடைத்தெருவுக்கும் அதையே மாட்டிக்கொண்டு போய்வாருங்கள். வார் நழுவுகிறதா, ஜிப் சிக்குகிறதா என்பதெல்லாம் அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். திருப்பித் தரும் கெடுவும் அதற்குள் முடிந்திருக்காது.