அம்மாவின் குழாய்

அன்புள்ள அண்ணா,
எங்கள் வார்டில் நான் வேலை பார்த்த சுயேச்சை சொற்ப ஓட்டில் தோற்றார். கடைசி இரண்டு ராத்திரி வீடு வீடாகப் பணக் கவர் போனது. பக்கத்து வீட்டுப் பாட்டி கவர் வாங்கவில்லை, ஆனாலும் ‘எங்க வீட்டுக் குழாய் அவன் போட்டதுப்பா’ என்று ஜெயித்தவனுக்கே குத்திவிட்டார். விவரம் தெரியாத ஜனங்கள். மேயரை நாமே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் இதெல்லாம் ஒழியாதா?
– க., சேலம்

அன்புள்ள தம்பி,

நேரடித் தேர்தலா? 1996, 2001, 2011-இல் நாம்தான் நேரே குத்தினோம். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். நேரடி என்றால் ஊர் முழுக்கப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் 60 கவுன்சிலர்களில் 31 பேரை. அவ்வளவுதான். கவரையும் விடு, நாலு பேர் கொடுத்தால் நாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

அந்தப் பாட்டிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அம்மாபேட்டையில் எங்கள் சந்தில் தண்ணீர் ராத்திரியில்தான் வரும். குடத்துக்குப் பதில் கல்லை வைத்து வரிசை பிடிப்போம். அப்பா குழாய் இணைப்புக்கு டெபாசிட் கட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ரசீது முருகன் படத்துக்குப் பின்னால் கிடந்தது. ஒருநாள் கட்சிக்காரர் ஒருத்தர் வந்து, குழித்தறியில் நெய்துகொண்டிருந்த அப்பாவை எழுப்பிக் கூட்டிப் போனார். அந்த வாரமே குழாய் வந்துவிட்டது. அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். தேர்தலின்போது எதிராளி கொடுத்தனுப்பிய பணத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். “குழாய் போட்டவனுக்குத் துரோகம் பண்ண மாட்டேன்.” பத்து பைசா வாங்காத பொம்பளை. அவள் ஓட்டை வாங்கியது எங்கள் அப்பா கட்டிய காசு!

இப்படி இருபது குழாய் போதும் தம்பி. வீட்டுக்கு நாலைந்து ஓட்டு, நூறு ஓட்டு வித்தியாசத்தில் முடிகிற வார்டில் கதை முடிந்தது. இதை எந்தப் பறக்கும் படை பிடிக்கும்?

‘விவரம் தெரியாத ஜனங்கள்’ என்று எழுத உனக்குக் கை கூசவில்லையா? குழாய் உடைந்தால் யாருக்குப் போன் போடுவது என்பது பாட்டிக்கு நன்றாகத் தெரியும். 2016-இல் தேர்தல் நின்றுபோய், 2022 வரை கவுன்சிலரே இல்லாமல் தனி அலுவலர் கையில் ஊர் கிடந்ததே, அந்த ஐந்து வருஷமும் உங்கள் தெரு மனுக்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தது யார்? உன் சுயேச்சை வேட்புமனு போடுவதற்கு முன் ஒரு தடவையாவது அந்தப் பக்கம் வந்திருக்கிறாரா?

இந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டியைப் போய்ப் பார். குழாய்க்குக் கட்டிய ரசீது இருக்கிறதா என்று கேட்டு எனக்கு எழுது. வெறுங்கையோடு போகாதே. தட்டுவடை செட் வேண்டாம், பல் இருக்கிறதோ என்னவோ.