10 எம்பி ஃபைல்கள் 625 எம்பி இடத்தைப் பிடிப்பது ஏன்?

கேள்வி: பழமொழிகளை விளக்கத்தோடு தொகுத்து வருகிறேன். பழமொழிக்கு ஒன்றாக 5,000 டெக்ஸ்ட் ஃபைல்கள். ஒவ்வொன்றும் சுமார் 2 கேபி. 64 ஜிபி பென்டிரைவில் போட்டால் ‘சைஸ்’ 10 எம்பி, ‘சைஸ் ஆன் டிஸ்க்’ 625 எம்பி என்று காட்டுகிறது. வைரஸா?
- வாசகி, விருதுநகர்

பதில்: வைரஸ் இல்லை, பயப்படாதீர்கள். பென்டிரைவ் எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற, ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையில் இருக்கும். 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவை விண்டோஸ் அப்படி ஃபார்மேட் செய்தால், வழக்கமாக 128 கேபி கிளஸ்டர்களாக, அதாவது சம அளவுத் துண்டுகளாக, இடத்தைப் பிரிக்கும். ஒரு கிளஸ்டரில் இரண்டு ஃபைல்கள் இருக்க முடியாது. 2 கேபி பழமொழிக்கும் 128 கேபி போய்விடும். 5,000-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 625 எம்பி வரும்.

வீடியோவுக்கு இது நல்ல ஏற்பாடு. 1 ஜிபி படத்தை 4 கேபி துண்டுகளாக வைத்தால் 2,62,144 துண்டுகளுக்குக் கணக்கு வைக்க வேண்டும். 128 கேபி என்றால் 8,192 போதும்.

இடமா, வேகமா என்பது பழைய இழுபறி. ஆரம்பகால யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஒரு பிளாக் (கிளஸ்டர் மாதிரிதான்) 512 பைட். இடம் வீணாகாது, ஆனால் டிஸ்க் ஆமை வேகம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மெக்குசிக், பில் ஜாய், லெஃப்ளர், ஃபேப்ரி ஆகிய நால்வரும் பிளாக்கை 4,096 பைட்டாக்க நினைத்தார்கள். தங்கள் டிஸ்குகளில் இருந்த நிஜ ஃபைல்களை வைத்துக் கணக்கிட்டால் 45.6 சதவீதம் வீண்! யூனிக்ஸில் பெரும்பாலும் சின்னச் சின்ன ஃபைல்கள்தானே. அதற்காக அவர்கள் வேகத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பெரிய பிளாக்கையே வைத்துக்கொண்டு, ஃபைலின் கடைசி மிச்சத்துக்கு மட்டும் பிளாக்கை 2, 4 அல்லது 8 துண்டுகளாக உடைத்துக் கொடுத்தார்கள். 1,024 பைட் துண்டு வைத்தபோது, வீணாகும் இடம், பழைய முறையில் 1,024 பைட் பிளாக் வைத்தால் வீணாகும் அளவுக்கே இறங்கிவிட்டது. இதைப் பற்றி அவர்கள் 1984-ல் வெளியிட்ட கட்டுரையை இன்றைக்கும் மாணவர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன். ஃபைல்களை அளந்து பார்த்துவிட்டு வடிவமைத்தார்களே, அதற்காகவே.

எக்ஸ்ஃபேட்டில் அப்படி உடைக்கும் வசதி கிடையாது. சேமித்து வைக்க மட்டும்தான் என்றால் எல்லாவற்றையும் ஒரே ஜிப் ஃபைலாக்கிவிடுங்கள். அடிக்கடி திருத்துவீர்கள் என்றால் என்டிஎஃப்எஸ் (NTFS) என்ற இன்னொரு முறையில், 4 கேபி கிளஸ்டரோடு ஃபார்மேட் செய்யுங்கள். சுமார் 20 எம்பியில் அடங்கிவிடும். சில டிவிகள் மட்டும் அதைப் படிக்காது. அப்புறம், ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும். முதலில் கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுத்து, நாலைந்து ஃபைல்களையாவது திறந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.