தலைமடைக்காரர் ஏன் மண்வெட்டி எடுப்பதில்லை? (வாசகர் கேள்வி – பதில்)

ஏரி வாய்க்காலிலிருந்து அலுவலகச் சீட்டு வரை, நாலு பேர் சேர்ந்து செய்யும் காரியம் எங்கே கெடுகிறது என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த மாதம் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

எங்கள் ஏரிப் பாசன வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது. கூட்டம் போட்டால் எல்லாரும் 'சரி' என்கிறார்கள். வேலை நாளில் வாய்க்காலின் கடைசியில் நிலம் உள்ள கடைமடைக்காரர் எட்டுப் பேர்தான் வருகிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்

வராதவர்களைச் சோம்பேறி என்று திட்டிப் பயனில்லை. வாய்க்கால் தூர்ந்தாலும், அதன் தொடக்கத்தில் நிலம் உள்ள தலைமடைக்காரர் வயலுக்குத் தண்ணீர் வந்துவிடுகிறது. வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான். அவர் பாய்ச்சும் தண்ணீரையும் அவர் பங்கு வேலையையும் சேர்த்து முடிச்சுப் போடாதவரை எந்தக் கூட்டத்தாலும் அவரை வரவழைக்க முடியாது.

முதலில் வாய்க்காலை நாடா பிடித்து அளந்துவிடுங்கள். 1,200 மீட்டர் வாய்க்கால், 60 ஏக்கர் ஆயக்கட்டு (அதில் பாசனம் பெறும் நிலம்) என்று வையுங்கள். ஏக்கருக்கு 20 மீட்டர் ஆகிறது. மூன்று ஏக்கர்காரருக்கு 60 மீட்டர், அரை ஏக்கர்காரருக்கு 10 மீட்டர். தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தால் சிறு நிலக்காரர் முதல் ஆண்டே கழன்றுகொள்வார். அளந்த துண்டுகளுக்கு முளைக்குச்சி அடித்து, யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். அவரவர் வயலோரத்தை அவரவர் வெட்டட்டும் என்று விட்டுவிடாதீர்கள். தலைமடைக்காரர் தமக்குப் போதுமான ஆழத்தோடு நிறுத்திக்கொள்வார், கீழே தண்ணீர் போகாது.

ஆழத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று என இரண்டு மூங்கில் கழி வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். தலைமடை ஆள் ஒருவர், கடைமடை ஆள் ஒருவர் சேர்ந்து கழியைப் போட்டுப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். ஐப்பசி மழைக்கு முன், ஆவணிக்குள் இது முடிய வேண்டும். வராதவரிடம் அந்தத் துண்டைக் கூலியாள் வைத்து வெட்ட என்ன ஆகுமோ அதை மட்டும் வாங்குங்கள். அதற்கு மேல் போட்டால் வசூல் ஆகாது, பகைதான் மிஞ்சும். அதையும் கொடுக்காதவருக்கு, முறை வைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனத்தில் கடைசி முறை. இது ஒன்று இருந்தால்தான் மற்ற விதிகள் நிற்கும்.

தண்ணீரைப் பிரிப்பது நிலக்காரர் கையில் இருக்கக் கூடாது என்பதைப் பழைய ஊர்கள் தெரிந்து வைத்திருந்தன. அதற்குத்தான் நீர்க்கட்டி. ஏரியில் தண்ணீர் குறைந்துவிட்டால் மடை திறப்பதும் வயலுக்கு வயல் பாய்ச்சுவதும் அவர் பொறுப்பு. கூலி, அறுவடையில் ஏக்கருக்கு இவ்வளவு நெல். பல ஊர்களில் அவருக்கு ஆயக்கட்டில் சொந்த நிலம் கிடையாது, ஆகவே யார் பக்கமும் சாய வேண்டியதில்லை. அந்த நடுநிலைக்குப் பின்னால் நிலம் மறுக்கப்பட்ட ஒரு சாதியின் கதை இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊரார் சேர்ந்து ஏரியையும் வாய்க்காலையும் பராமரித்த குடிமராமத்தைப் பொற்காலமாகப் பேசுகிறவர்கள், கரையில் மண் சுமக்க ஆள் பிடிக்க 1858இல் மதராஸ் மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே போட வேண்டியிருந்ததை மறந்துவிடுகிறார்கள்.

பொதுச் சொத்து என்றால் பாழாகத்தான் செய்யும் என்று பாடப்புத்தகத்தில் படித்தேன். உண்மையா?
– கல்லூரி மாணவி, திருச்சி

அது 1968இல் அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரையின் வாதம். மேய்ச்சல் நிலம் பொதுவானால் ஆளாளுக்கு ஒரு மாடு கூட விட்டு நிலத்தையே அழிப்பார்கள் என்றார். அவர் வருணித்தது கேட்பாரற்ற நிலம். ஊர்ப்பொது என்பது வேறு, அங்கே கேட்க ஆள் உண்டு. இந்த வேறுபாட்டைப் பல நாட்டு ஊர்களை ஆராய்ந்து காட்டியதற்காகத்தான் அமெரிக்க அரசியல் அறிவியலாளர் எலினார் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளாதார நோபல் பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

அவர் எடுத்துக்காட்டும் சுவிஸ் மலைக் கிராமம் டோர்பெல். அங்கே 1517இலேயே ஒரு விதி இருந்தது. குளிர்காலத்தில் எத்தனை மாடுகளுக்குத் தீனி போட்டுக் காப்பாற்ற முடியுமோ, அத்தனையைத்தான் கோடையில் மலை மேய்ச்சலுக்கு ஓட்டலாம். இதில் ஏமாற்ற வழியே இல்லை. வைக்கோற்போரை வீட்டுக்குள் ஒளித்து வைக்க முடியுமா? நல்ல விதி என்றால் இப்படி எண்ணிப் பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

ஸ்பெயினின் வலென்சியாவில் வியாழன்தோறும் நண்பகலில் பேராலய வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. எட்டு வாய்க்கால்களுக்கு எட்டு பிரதிநிதிகள். வழக்கு எந்த வாய்க்காலைச் சேர்ந்ததோ, அதன் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்ளக் கூடாது. வாய்மொழி விசாரணை, அங்கேயே தீர்ப்பு. வக்கீல் கட்டணம் இல்லை என்பதால் ஏழை விவசாயியும் புகார் சொல்லத் தயங்குவதில்லை.

அலுவலகத்தில் 12 பேர், மாதம் 5,000 ரூபாய், குலுக்கல் சீட்டு. மூன்றாம் மாதம் எடுத்தவர் ஐந்தாம் மாதத்தோடு பணம் கட்டுவதை நிறுத்திவிட்டார். இனி இப்படி நடக்காமலிருக்க என்ன வழி?
– வாசகி, கோயம்புத்தூர்

சீட்டு என்பது சேமிப்பு மட்டும் என்று நினைப்பதில்தான் கோளாறு. உங்கள் மொத்தச் சீட்டு 60,000. மூன்றாம் மாதம் எடுத்தவர் அதுவரை கட்டியது 15,000. ஆக அவர் 45,000 ரூபாய் வட்டியில்லாக் கடன் வாங்கியிருக்கிறார். பன்னிரண்டாம் ஆள் 55,000 கட்டிய பிறகுதான் முதன்முதலாகப் பணத்தைக் கண்ணால் பார்க்கிறார். முன்னால் எடுப்பவர் எல்லாரும் கடன்காரர், பின்னால் எடுப்பவர் எல்லாரும் கடன் கொடுத்தவர். குலுக்கலில் யார் பெயர் வேண்டுமானாலும் முதலில் வரும் என்பதால், யாரென்றே சரியாகத் தெரியாதவருக்கும் முதல் மாதமே கடன் கொடுத்துவிடுகிறீர்கள்.

அடுத்த முறை இதற்கு மூன்று தடுப்புகள் வையுங்கள். எடுப்பவரிடம் இரண்டு தவணையை, அதாவது 10,000 ரூபாயை, நிறுத்தி வைத்து 50,000 மட்டும் கொடுங்கள். நிறுத்திய பணம் இருவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் இருக்கட்டும், கடைசி இரண்டு தவணைக்குக் கழித்துக்கொள்ளலாம். இரண்டாவது, இன்னும் எடுக்காத ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அவர் எடுக்க வேண்டிய சீட்டே பிணை என்பதால் வேறு சொத்து தேவையில்லை. கடைசி மாதங்களில் எடுக்காதவர் குறைந்துவிடுவார்கள், ஆனால் அப்போது பாக்கியும் குறைந்திருக்கும். மூன்றாவது, புதிதாகச் சேர்ந்தவர், வேலை மாறப் போகிறவர் பெயரை முதல் நாலு மாதக் குலுக்கலில் போடாதீர்கள். இதை முன்கூட்டியே எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டால் மனக்கசப்பு வராது.

இப்போதைய பள்ளத்துக்கு வருவோம். மிச்சம் ஏழு மாதமும் மாதம் 5,000 குறையும். அதைக் கடைசி ஆள் தலையில் கட்டாமல் 11 பேரும் பகிர்ந்தால் ஆளுக்கு மாதம் ஏறத்தாழ 455 ரூபாய். நிறுத்தியவரை இந்த வாரமே போய்க் கேளுங்கள். பணத்தைவிட அது முக்கியம். ஒருவர் நிறுத்தியும் யாரும் கேட்கவில்லை என்றால் அடுத்த மாதம் இன்னொருவர் 'கொஞ்சம் பொறுங்கள்' என்பார். சீட்டு முறிவது இந்த இரண்டாம் ஆளால்தான்.

ஒரு எச்சரிக்கை. 1982 சீட்டு நிதிச் சட்டம் ஏலத்தையும் குலுக்கலையும் ஒன்றாகவே சீட்டு என்கிறது. முன் அனுமதியும் பதிவும் வேண்டும். அவை இல்லாத சீட்டுக்கு நீதிமன்றத்தில் பிடிமானம் குறைவு. தொகை பெரிதானால் பதிவு பெற்ற நிறுவனத்துக்குப் போவது நல்லது.

எறும்புக்கும் தேனீக்கும் உள்ள ஒற்றுமை நமக்கு ஏன் இல்லை?
– வாசகர், மன்னார்குடி

கூட்டிலுள்ள தேனீக்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பேருந்தில் பின்னாலிருப்பவர் நீட்டும் காசை முகம் தெரியாத பத்துப் பேர் கைமாற்றி நடத்துநரிடம் சேர்க்கிறார்களே, அதைத் தேனீ செய்யாது.

பொதுக் காரியத்தில் ஒத்துழைப்பு எப்படிக் கெடுகிறது என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட முடியுமா?
– ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

தாராளமாக. நால்வர் கொண்ட குழு, ஆளுக்கு 20 புளியங்கொட்டை. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய அளவைத் துணிக்குள் கைவிட்டுப் பொது டப்பாவில் போட வேண்டும், யார் எவ்வளவு என்று பிறருக்குத் தெரியக் கூடாது. டப்பாவில் சேர்ந்ததை நீங்கள் இரட்டிப்பாக்கி நால்வருக்கும் சமமாகப் பிரியுங்கள். எல்லாரும் 20 போட்டால் ஆளுக்கு 40 வரும். மூவர் போட்டு ஒருவர் போடாவிட்டால் ஆளுக்கு 30. போடாதவரிடம் பழைய 20ம் சேர்ந்து 50 இருக்கும். ஒவ்வொரு சுற்றும் புதிதாக 20 கொட்டையோடு தொடங்கி, பத்துச் சுற்று ஆடுங்கள். பெரும்பாலும் பாதியளவில் தொடங்கிச் சுற்றுக்குச் சுற்று இறங்கும். 'அவன் போடவில்லை, நான் ஏன் போட வேண்டும்' என்ற முணுமுணுப்பைக் காதால் கேட்கலாம்.

பிறகு யார் எவ்வளவு போட்டார் என்பதைப் பலகையில் எழுதுங்கள். ஒருவர் தம் கொட்டை ஒன்றைச் செலவழித்தால் இன்னொருவரிடமிருந்து மூன்றைப் பறிக்கலாம் என்ற விதியையும் சேருங்கள். பொருளாதார ஆய்வாளர்கள் எர்ன்ஸ்ட் ஃபேர், சைமன் கெஹ்டர் இருவரும் நடத்திய சோதனையில் இதே ஒன்றுக்கு மூன்று விதிதான், பங்களிப்பு விறுவிறுவென்று ஏறியது. கவனிக்க வேண்டியது, சில பிள்ளைகள் நிறையப் போட்டவனையே தண்டிப்பார்கள். பழிவாங்கல்தான். 16 நகரங்களில் நடந்து 2008இல் வெளியான ஆய்விலும் சில நகரங்களில் இது பலமாகத் தெரிந்தது. எது கடைசிச் சுற்று என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், அந்தச் சுற்று கெட்டுவிடும்.

அடுக்ககப் பராமரிப்புத் தொகையைத் தாமதமாகக் கட்டுவோருக்கு 100 ரூபாய் அபராதம் போடலாமா?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை

வேண்டாம். இஸ்ரேலின் ஹைஃபாவில் பத்துக் குழந்தைக் காப்பகங்களில் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். அவற்றில் ஆறில், பிள்ளையைப் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமாக அழைக்க வரும் பெற்றோருக்கு 10 ஷெக்கல் அபராதம் போட்டார்கள். தாமதம் ஏறக்குறைய இரட்டிப்பானது. அதுவரை 'ஆசிரியை காத்திருக்கிறாரே' என்று கூசியவர்கள், இப்போது கட்டணம் கொடுத்து நேரம் வாங்கினார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. ஐந்தாம் தேதி, கட்டிய வீட்டு எண்களை மட்டும் மின்தூக்கி அருகே ஒட்டுங்கள். கட்டாதவர் பட்டியல் ஒட்டினால் சண்டை வரும்.

சங்கப் பொறுப்பாளர்கள் கணக்கே காட்டுவதில்லை. பழங்காலத்தில் என்ன செய்தார்கள்?
– வாசகர், காஞ்சிபுரம்

உங்கள் மாவட்டத்திலேயே கல்லில் இருக்கிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைப் போய்ப் பாருங்கள். 30 குடும்பு (ஊரின் தேர்தல் பிரிவு), குடத்தில் பெயர் ஓலையிட்டுக் குலுக்கி எடுக்கும் குடவோலை, விவரம் அறியாத சிறுவன் கையால் ஓலை எடுத்தல், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், பதவி 360 நாள். கணக்குக் காட்டாமல் போனவர் பெயரையும் அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் போடவே கூடாது. நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை அது, ஊர் மக்கள் எல்லாரையும் சேர்த்ததல்ல. ஆனால் உறவினரையும் தடுத்த அந்த விதியை உங்கள் சங்கத்தின் துணை விதிகளில் சேர்க்கப் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவாருங்கள். கணவர் கணக்குக் காட்டாத ஆண்டுக்கு அடுத்த ஆண்டு மனைவி தலைவராவது அத்தோடு நிற்கும்.