நியூட்டன் வட்டு ஏன் வெள்ளையாகத் தெரியவில்லை?

கேள்வி: நான்காம் வகுப்பில், வானவில் நிறங்களைத் துண்டு துண்டாகப் பூசிய நியூட்டன் வட்டு செய்து காட்டினேன். சுற்றினால் வெள்ளையாகும் என்று சொல்லியிருந்தேன். வந்ததோ சாம்பல் நிறம். "பெயின்ட் எல்லாத்தையும் கலந்தா கறுப்புதானே வரும் டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்கிறாள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: அவள் சொல்வது கிட்டத்தட்ட சரி. அதை வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். மஞ்சள் பெயின்ட் தன்மேல் விழும் ஒளியில் நீலத்தை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. பெயின்ட்களைக் கலக்கக் கலக்க விழுங்கப்படுவது கூடும், கண்ணுக்கு வருவது குறையும். ஒளியோடு ஒளி சேர்ந்தால் கண்ணுக்கு வருவது கூடும். குழந்தைகள் குழம்புவது இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்லிக்கொடுப்பதால்தான்.

வட்டில் பூசியிருப்பது பெயின்ட், கலப்பது கண்ணில். ஒவ்வொரு துண்டும் தன் நிறத்தை மட்டும் அனுப்புவதால், வெள்ளைத்தாள் தரும் ஒளியைவிடக் குறைவாகவே வரும். மங்கிய வெள்ளைதான் சாம்பல். வெளிர் நிறங்களைப் பூசி, நல்ல வெயிலில், பின்னால் கறுப்புத் துணி பிடித்துச் சுற்றினால் வெள்ளைக்கு நெருங்கி வரும். ஆனாலும் நிறப் பாடத்தை இதிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

சாக்பீஸிலிருந்து தொடங்குங்கள். அடியிலிருந்து 2 செ.மீ. மேலே கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் சுற்றி ஒரு கோடு போட்டு, 1 செ.மீ. தண்ணீரில் நிறுத்துங்கள். கோடு நனையக் கூடாது. தண்ணீர் மேலே ஏற ஏற, கறுப்பு பிரிந்து நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று வரும். கம்பெனிக்குக் கம்பெனி நிறங்கள் மாறும். பெர்மனென்ட் மார்க்கர் தண்ணீரில் கரையாது, அது வேண்டாம். பல நிற மைகள் சேர்ந்துதான் கறுப்பு என்பதை அந்த மாணவியே கண்டுபிடித்துவிடுவாள்.

ஒளியை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் தண்ணீர் ஊற்றி, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தண்ணீருக்குள் சாய்த்து வைத்து, வெயிலை நிழலான சுவரில் விழவையுங்கள், வானவில் தெரியும். நியூட்டன் 1666 வாக்கில் முப்பட்டகத்தில் (முக்கோணக் கண்ணாடிக் கட்டையில்) பார்த்ததும் இதைத்தான். கண்ணாடியின் வெளிச்சம் யார் கண்ணிலும் படாமல் திருப்பி வையுங்கள். அப்புறம், கைபேசியில் வெள்ளைத் திரையை வரவைத்து ஒரு சின்னத் துளி தண்ணீர் விடுங்கள். துளிக்குள் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் தெரியும். மூன்று ஒளி சேர்ந்தால் வெள்ளை என்பதற்கு வட்டைவிட நல்ல சாட்சி இது.

இந்தப் பாடத்தின்போது சிவப்பையும் பச்சையையும் திரும்பத் திரும்ப மாற்றிச் சொல்லும் பிள்ளை இருந்தால் திட்டாதீர்கள். நிறக்குறைபாடாக இருக்கலாம், பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு இது அதிகம். பெற்றோரிடம் தனியாகச் சொல்லி, கண் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.