சட்டம் படித்துச் சென்னையில் இரண்டு ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர் துபாயில் வழக்கறிஞராக முடியுமா?

நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடுபவரையே நீங்கள் வழக்கறிஞர் என்று கருதினால், முடியாது என்பதே பதில். துபாய் நீதிமன்றங்களில் கட்சிக்காரருக்காக முன்னிலையாகும் உரிமை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, அமீரகக் குடிமக்களுக்கே உரியது. நடவடிக்கைகள் அரபு மொழியில் நடக்கின்றன. 1991-ஆம் ஆண்டின் 23-ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம் அப்படித்தான் வகுத்திருந்தது. அதற்குப் பதிலாக 2022-இல் வந்த சட்டமும் இந்த அடிப்படையை மாற்றிவிடவில்லை. நம்மைப் போன்ற வெளிநாட்டவர் துபாய் அரசின் சட்ட விவகாரத் துறையில் பதிவு பெற்று, ‘லீகல் கன்சல்டன்ட்’ என்ற பெயரில் ஆலோசனை சொல்லலாம், ஒப்பந்தங்கள் எழுதலாம், வழக்குக்கு வேண்டிய குறிப்புகளைத் தயாரிக்கலாம்.

இதைப் படித்துவிட்டு, தங்கள் உறவினர் துபாயில் வழக்கறிஞராகவே இருக்கிறாரே என்று சிலர் பின்னூட்டம் இடக்கூடும். அவரும் அநேகமாக லீகல் கன்சல்டன்ட்டாகத்தான் இருப்பார். அந்தப் பணியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று, ஏனெனில் 2012 முதல் நானும் அதைத்தான் செய்துவருகிறேன், அதில்தான் என் குடும்பம் வாழ்கிறது.

நான் 2007-இல் வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சிலில் பதிவு செய்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஐந்து ஆண்டுகள் ஜூனியராக இருந்தேன். காலை எட்டு மணிக்குச் சீனியர் அலுவலகத்தில் கேஸ் கட்டுகளை எடுத்து வைப்பதில் தொடங்கி, வாய்தா வாங்குவது, நகல் மனு போடுவது என்று இரவு ஒன்பதாகிவிடும். சம்பளம் என்று ஒன்று கிடையாது. சில நாட்களில் இருநூறு ரூபாயைக் கையில் திணிப்பார்கள், பல நாட்களில் அதுவும் இல்லை. தொழில் கற்றுக்கொடுப்பதே பெரிய கூலி என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். திருமணமாகி ஒரு குழந்தையும் பிறந்த பிறகு அந்தக் கூலியில் வாடகை கொடுக்க முடியவில்லை. 2024 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று கூறியபோது, அந்தச் செய்தியை நான் மூன்று முறை படித்தேன். கேள்விக்குத் தொடர்பில்லாமல் என் குறையைப் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். உங்களைப் போன்ற பலர் வளைகுடாவை நினைக்கத் தொடங்குவதே இந்த இடத்தில்தான் என்பதால் சொல்கிறேன்.

துபாயில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே, நான் கற்று வந்தது எவ்வளவு தூரம் பயன்படும் என்பது தெரிந்துவிட்டது. ஒரு கட்டுமான ஒப்பந்தத்தில், தாமதத்துக்கான இழப்பீடாக ஒரு தொகையைக் குறிப்பிட்டு, அதுவே உச்ச வரம்பு, நீதிமன்றம் அதற்கு மேல் போகாது என்று கட்சிக்காரருக்கு ஆலோசனைக் குறிப்பு எழுதினேன். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு மனத்தில் அவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது. எங்கள் அலுவலகத்தில் மூத்தவராக இருந்த சூடான் நாட்டுக்காரர் அந்தக் குறிப்பை வெளியே போகவிடாமல் நிறுத்தி, அமீரகத்தின் 1985-ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தில் 390-ஆம் பிரிவைத் திறந்து என் முன் வைத்தார். ஒரு தரப்பு கேட்டால், உண்மையான இழப்புக்குச் சமமாக அந்தத் தொகையை நீதிபதி குறைக்கவோ கூட்டவோ செய்யலாம், அதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்று அதில் இருந்தது. அங்கே முன்தீர்ப்புகள் நம் ஊரைப் போல நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. பல வழக்குகளில் நீதிமன்றம் நியமிக்கும் நிபுணரின் அறிக்கைதான் முடிவைத் தீர்மானிக்கிறது. அன்று இரவே அந்தச் சட்டத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை முதல் பிரிவிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் உண்மையான பதில் 2014-இல் நடந்த ஒரு சிறிய வழக்கில் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு வெல்டர், 11 ஆண்டுகள் வேலை பார்த்த நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்டு, பணிக்கொடையை முழுமையாகப் பெறாமல் என்னிடம் வந்தார். அன்றைய தொழிலாளர் சட்டப்படி ஓராண்டுக்குள் உரிமை கோர வேண்டும், அதில் மூன்று வாரங்களே மீதமிருந்தன. அவருடைய அடிப்படைச் சம்பளம் 1,200 திர்ஹம். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு 30 நாள் என்பது விதி. ஒரு நாளுக்கு 40 திர்ஹம் என்று வைத்தால் 4,200-உம் 7,200-உம் சேர்ந்து 11,400 திர்ஹம் வர வேண்டும். நிறுவனமோ 11 ஆண்டுகளுக்கும் 21 நாள் கணக்கே போட்டு 9,240 தருவதாகச் சொன்னது. வித்தியாசம் 2,160 திர்ஹம்தான். ஆனால் அது அவருக்கு ஏறக்குறைய இரண்டு மாத அடிப்படைச் சம்பளம்.

தொழிலாளர் அமைச்சகத்தில் சமரசம் ஏற்படாமல் வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றது. வாதத்தை நான் ஆங்கிலத்தில் எழுதினேன். அது அரபியில் மொழிபெயர்க்கப்பட்டது. அமீரக வழக்கறிஞர் ஒருவர் கட்டணம் வாங்காமல் கையொப்பமிட்டு முன்னிலையானார். நானும் வெல்டரும் பின் வரிசையில் அமர்ந்திருந்தோம். என் மடியில் இருந்த அரபுப் பிரதியில் எனக்குப் புரிந்தது எண்கள் மட்டுமே: இரண்டு நேர்க்கோடுகள், திருப்பி எழுதிய மூன்றைப் போன்ற நான்கு, பூஜ்யத்துக்குப் பதிலாக இரண்டு புள்ளிகள். வழக்கறிஞர் இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. வெல்டர் என் கையைத் தொட்டு, “என்ன சார் சொல்றாங்க?” என்று கேட்டார். நான் எழுதிய வாதம்தான் அது, ஆனால் அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 11,400-ம் கிடைத்தது. அவர் ஊருக்குப் போகும் முன் வந்து நன்றி சொன்னபோது, மதுரையில் ஜெயித்த எந்த வழக்கிலும் இல்லாத நிறைவு எனக்கு இருந்தது. அன்று மாலையே, வேலை முடிந்து வாரத்தில் மூன்று நாள் நடக்கும் அரபு வகுப்பில் சேர்ந்தேன்.

வாய் திறந்து வாதாட வழியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2004-இல் உருவான துபாய் பன்னாட்டு நிதி மையத்துக்குத் தனி நீதிமன்றம் இருக்கிறது. அங்கே மொழி ஆங்கிலம், முறை நம் ஊரைப் போல முன்தீர்ப்புகளைப் பின்பற்றும் பொதுச் சட்ட முறை, பதிவு பெற்ற வெளிநாட்டு வழக்கறிஞர்கள் வாதாடலாம். அபுதாபியின் நிதி மையமான ஏ.டி.ஜி.எம்.-இல் ஆங்கிலேயப் பொதுச் சட்டமே நேரடியாகப் பொருந்துகிறது. நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர்கள் முன் தகராறைத் தீர்க்கும் ஆர்பிட்ரேஷனிலும் குடியுரிமை ஒரு தடையில்லை. 2018-இல் ஒரு கட்டுமானத் தகராறில் நடுவர் மூவர் முன் நான் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தேன். மதுரையை விட்டு வந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு கட்சிக்காரருக்காக எழுந்து நின்று பேசியது அன்றுதான். ஆனால் அந்த இடங்களுக்கு வரும் வழக்குகள் பெரும்பாலும் பெரிய தொகைக்கானவை, அவற்றை நடத்தும் நிறுவனங்கள் இங்கிலாந்தில் சொலிசிட்டர் எனப்படும் வழக்கறிஞர் தகுதி உள்ளவர்களையே முதலில் தேடுகின்றன. 2021 செப்டம்பர் முதல் அதற்கு எஸ்.க்யூ.இ. என்ற தேர்வு இருக்கிறது. முதல் கட்டத்தில் மட்டும் 360 கேள்விகள். இரண்டாண்டு அனுபவத்தோடு கிளம்புவதைவிட, இன்னும் மூன்று ஆண்டுகள் சென்னையிலேயே வணிக வழக்குகளிலும் ஆர்பிட்ரேஷனிலும் பழகி, இந்தத் தேர்வையும் முடித்துவிட்டு வருவதே நல்லது என்பது என் கருத்து. நான் அப்படிச் செய்யவில்லை, அதனால் ஐந்து ஆண்டுகள் பின்தங்கினேன்.

கிளம்புவதென்று முடிவெடுத்தால் இரண்டு வேலைகளை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்ற வரிசையில் சான்றொப்பம் பெற வேண்டும். நான் வந்தபோது, ஒரே முத்திரையை உறுப்பு நாடுகள் எல்லாம் ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் அமீரகம் இல்லாததால், அப்போஸ்டில் முத்திரையோடு வந்த நண்பர் ஒருவர் முழுவதையும் மறுபடி செய்ய நேர்ந்தது. அடுத்தது, முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வழக்கறிஞர் தொழிலைத் தொடரக் கூடாது என்று பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 49-ஆம் விதி சொல்கிறது. அதனால், வேலையில் சேர்வதற்கு முன் பதிவை நிறுத்தி வைக்கும்படி மாநில பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். என்னுடைய ஒப்புகைச் சீட்டு பாஸ்போர்ட்டோடு ஒரே உறையில் இருக்கிறது, ஏனெனில் என்றாவது ஒருநாள் மதுரைக் கிளைக்குத் திரும்பிச் செல்ல எனக்கு அது வேண்டும்.